டைவ் பாரா, பூல் ஹாலா, பளபள இடமா, பேஸ்மென்ட்ல சொந்த டேபிளா? சிகாகோ பக்கம் பூல் ஆட எங்க போறது

போன மாசம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் லஞ்ச்ல உக்காந்துகிட்டு, "அண்ணே, திருச்சில காலேஜ் படிக்கும்போது ஸ்நூக்கர் பார்லரே கதின்னு கிடந்தேன், இங்க வந்து நாலு வருஷமா குச்சிய தொடல, எங்க போய் ஆடுறது"ன்னு கேட்டான். இங்க ஸ்நூக்கர விட பூல் தான் (நீச்சல் குளம் இல்ல, ஸ்நூக்கர் மாதிரியே குச்சியால பால அடிச்சு பாக்கெட்ல போடுற ஆட்டம்). அவனுக்கு சிகாகோ புறநகர் நேப்பர்வில்ல டவுன்ஹவுஸ், பேஸ்மென்ட் சும்மா கிடக்கு, கூட ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், அதுல ஒருத்தன் குடிக்கவே மாட்டான். இதே கேள்விய இதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேர் கேட்டிருக்காங்க, ஒவ்வொரு தடவையும் வாயாலயே சொல்லி வாய் வலிக்குது, அதனால இந்த தடவை உக்காந்து எழுதிட்டேன். நான் சிகாகோ பக்கம் வந்து பதினோரு வருஷம் ஆச்சு, நாலு விதமான இடத்துலயும் காசு விட்டிருக்கேன், அதனால சொல்ற தகுதி கொஞ்சம் இருக்குன்னு நெனைக்கிறேன்.

## முதல்ல, எதை வெச்சு எடை போடுறது

எல்லாரும் முதல்ல பாக்குறது ரேட் தான். ஆட்டத்துக்கு ரெண்டு டாலரா, மணிக்கு பதினஞ்சு டாலரான்னு. அது தப்பான கணக்கு. நான் பாக்குறது, குச்சி கையில இருக்கிற நேரம். மூணு மணி நேரம் ஒரு இடத்துல இருந்துட்டு வந்து அதுல இருபது நிமிஷம் தான் ஆடினேன்னா, அன்னைக்கு நீங்க பூல் ஆடப் போகல, பீர் குடிக்கப் போயிருக்கீங்க. அதுவும் தப்பில்ல, ஆனா தெரிஞ்சு பண்ணணும்.

ரெண்டாவது, மொத்த செலவு: டிப்ஸ், ஏடிஎம் கட்டணம், ஊபர் எல்லாம் சேத்து. மூணாவது, டேபிளும் குச்சியும் ஒழுங்கா இருக்கா. நாலாவது, எதிர்ல யார் ஆடுவாங்க, கூட்டிட்டு போன ஃப்ரெண்ட் மட்டும் தானா, புது ஆள் கிடைப்பாங்களா. அஞ்சாவது, வீட்டுக்கு எப்படி திரும்புவீங்க. இதை கடைசில போட்டேன், ஆனா விசால இருக்கிறவங்களுக்கு இது தான் முதல். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

## தெருமுனை டைவ் பார்

டைவ் பார்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: அலங்காரம் கிடையாது, மெனு கிடையாது, பேர் போர்டுல பாதி எழுத்து எரியாது. சிகாகோல அடையாளம் கண்டுபிடிக்கிறது சுலபம், வாசல்ல ஓல்ட் ஸ்டைல் பீர் போட்ட பழைய லைட் போர்டு தொங்கும், அது பக்கத்து மாநிலம் விஸ்கான்சின்ல லா கிராஸ் ஊர்ல பொறந்த பீர், ஆனா சிகாகோ ஆளுங்க தங்களோடதுன்னே சாதிப்பாங்க. ஜன்னலுக்கு கண்ணாடிக்கு பதிலா தடிமனான கண்ணாடிக் கல் வெச்சு கட்டியிருப்பாங்க, வெளியிலிருந்து பாத்தா உள்ள ஒண்ணும் தெரியாது. உள்ள போனா கிறிஸ்மஸ் லைட் ஜூலை மாசத்துலயும் எரிஞ்சுகிட்டு இருக்கும், பாத்ரூம் கதவு தாழ் போடாது, கவுன்டர் கடைசி ஸ்டூல்ல ஒரு பெரியவர் உக்காந்திருப்பார், அந்த ஸ்டூல்ல வேற யாரும் உக்கார மாட்டாங்க. நீங்க நுழைஞ்சதும் எல்லாரும் ஒரு தடவை திரும்பி பாப்பாங்க. நம்ம நிறத்த பாத்து தான் பாக்குறாங்கன்னு முதல்ல நெனச்சு கூச்சப்பட்டேன், ஒரு வருஷம் கழிச்சு நானும் ஒரு ஸ்டூல்ல உக்காந்துகிட்டு, கதவு திறக்குற ஒவ்வொரு தடவையும் திரும்பி பாக்குறத நானே கவனிச்சேன்.

டேபிள் இங்க 7 அடி. ஒண்ணோ ரெண்டோ இருக்கும். காசு போட்டு ஆடுற டேபிள், பெரும்பாலும் வேலி (Valley) கம்பெனியோடது, அந்த கம்பெனி இங்கருந்து ஏரிக்கு அந்தப் பக்கம் மிச்சிகன்ல பே சிட்டில ஆரம்பிச்சது. பக்கவாட்டுல ஒரு தட்டு, அதுல குவார்ட்டர நட்டமா சொருகி உள்ள தள்ளணும். நம்ம ஊர் குவார்ட்டர் இல்ல தம்பி, 25 சென்ட் காசு. தள்ளின உடனே உள்ள பூட்டியிருக்கிற பாலெல்லாம் கடகடன்னு உருண்டு கீழ் தட்டுக்கு வரும், அந்த சத்தத்துக்காகவே எனக்கு இந்த டேபிள் பிடிக்கும். பாக்கெட்ல விழுந்த பால் மறுபடி காசு போடுற வரைக்கும் வெளிய வராது, அதனால ஒரே ஷாட்ட பத்து தடவை வெச்சு பழகுற வேலையெல்லாம் இங்க நடக்காது.

வெள்ளை பால் மட்டும் விழுந்தா திரும்ப வந்துடும். எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? பழைய டேபிள்ல வெள்ளை பால் மத்த பால விட கொஞ்சம் பெருசு, சாதாரண பால் 2¼ இன்ச், இது 2⅜ இன்ச், உள்ள போற வழியில அளவு பாத்து பிரிச்சு விட்டுடும். கொஞ்சம் புது டேபிள்ல காந்தம் வெச்சு பிரிக்கும், அதுக்கு தகுந்த மாதிரி வெள்ளை பால் உள்ள இரும்புத்தூள் கலந்திருக்கும். இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, பெருசா கனமா இருக்கிற வெள்ளை பால பின்னாடி இழுக்குற ஷாட் ஆடினா அது இழுக்காது, மந்தமா நின்னுடும், முன்னாடி ஓடவிட்டா நெனச்சதுக்கு மேல ஓடும். ஹால்ல நல்லா ஆடுறவன் இங்க வந்து முதல் மூணு கேம் திணறுறதுக்கு பாதி காரணம் இது தான். மீதி பாதி காரணம் குச்சி. சுவத்துல மாட்டியிருக்கிற குச்சிய எடுத்து டேபிள் மேல உருட்டிப் பாருங்க, நடுவுல துள்ளினா வளைஞ்சிருக்குன்னு அர்த்தம், எல்லாமே துள்ளினா கம்மியா துள்ளுறத எடுத்துக்கோங்க.

இப்ப முக்கியமான விஷயம், வரிசை. டேபிள் ஓரத்துல குவார்ட்டர் அடுக்கி வெச்சிருந்தா அது யாரோ மறந்துட்டு போனது இல்ல, அடுத்த ஆட்டம் என்னோடதுன்னு போட்ட துண்டு, பஸ் சீட்ல கைக்குட்டை போடுவோமே அதே தான். சில இடத்துல சுவத்துல சாக்பீஸ்ல பேர் எழுதணும். நான் முதல் தடவை போனப்ப இது தெரியாம, ஷாட்டுக்கு இடைஞ்சலா இருக்கேன்னு அந்த காச நகட்டி ஓரமா வெச்சுட்டேன். மூணு பேரோட வரிசை கலைஞ்சு போச்சு. யாரும் சண்டைக்கு வரல, ஆனா பார்டெண்டர் அம்மா கவுன்டர தாண்டி வந்து, எது யாரோடதுன்னு ஒவ்வொருத்தரா கேட்டு திரும்ப அடுக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, எங்க ஸ்கூல் கணக்கு டீச்சர் ஞாபகம் வந்துடுச்சு.

ஜெயிச்சவன் டேபிள்லயே நிப்பான். அடுத்தவன் காசு போட்டு, அவனே பால அடுக்கி வெச்சு, ஜெயிச்சவனுக்கு பிரேக், அதாவது முதல் அடி, குடுக்கணும். இங்க தான் ஒரு மறைமுக செலவு ஒளிஞ்சிருக்கு: நல்லா ஆடுறவனுக்கு டைவ் பார் இலவசம், சுமாரா ஆடுறவன் தான் அவனுக்கும் சேத்து காசு கட்டுறான். நம்ம ஊர் கேரம் கிளப்ல தோத்தவன் போர்டு காசு குடுப்பானே அதே நியாயம். வெள்ளிக்கிழமை ராத்திரி உங்களுக்கு முன்னாடி நாலு பேர் காசு வெச்சிருந்தா, ஆட்டத்துக்கு பத்து பன்னெண்டு நிமிஷம்னாலும் முக்கால் மணி நேரம் சும்மா நிக்கணும், சும்மா நிக்க முடியாது, கையில ஒரு பீர் வரும், அதுக்கு ஒரு டாலர் டிப்ஸ், அப்புறம் உங்க முறை வந்து எட்டே நிமிஷத்துல தோத்துட்டு மறுபடி வரிசை கடைசிக்கு போவீங்க. என் சொந்த கணக்கு, ஒரு வெள்ளிக்கிழமை: மூணு மணி நேரம், மூணு ஆட்டம், மூணுக்கும் நான் போட்ட காசு ஆறு டாலர், பீர் மூணு, டிப்ஸ், கேஷ் மட்டும் தான்னு சொன்னதால மூலையில இருக்கிற ஏடிஎம்க்கு அழுதது மூணரை டாலர். மொத்தம் இருபத்தஞ்ச தொட்டுடுச்சு. ஆடினது அரை மணி நேரம், அதுல பாதி நேரம் எதிராளி ஆடினத வேடிக்கை பாத்தது.

அதே பாருக்கு திங்கக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு போங்க. டேபிள் காலி. ரெண்டு பேர் ரெண்டு மணி நேரத்துல ஒன்பது பத்து ஆட்டம் ஆடிடலாம், ஆட்டத்துக்கு ரெண்டு டாலர்னு வெச்சாலும் தலைக்கு பத்து டாலர் தான். ஊர்லயே மலிவான பூல் அது. டைவ் பார் நல்லதா கெட்டதான்னு கேக்குறவங்களுக்கு நான் திருப்பி கேக்குறது, எந்த கிழமை போறீங்க?

கிழமையில இன்னொரு பொறி இருக்கு, லீக் நைட். ஏபிஏன்னு அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன், 1979ல ஆரம்பிச்சது, அவங்க வாராந்திர மேட்செல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி பார்கள்ல தான் நடக்கும். அன்னைக்கு டேபிள் உங்களுக்கு கிடையாது, ராத்திரி பதினொண்ணு வரைக்கும் கிடையாது. போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு இன்னைக்கு லீக் இருக்கான்னு கேட்டுட்டு போங்க, நான் இத கேக்காம ஜனவரி குளிர்ல நாப்பது நிமிஷம் வண்டி ஓட்டிட்டு போய் திரும்பி வந்திருக்கேன்.

விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். ஹால்லயும் லீக்லயும் வெள்ளை விழுந்துட்டா எதிராளி அத எங்க வேணா வெச்சு ஆடலாம், பல பார்கள்ல அப்படி இல்ல, பிரேக் அடிக்கிற பக்கத்துக் கோட்டுக்கு பின்னாடி வெச்சு தான் ஆடணும். கேரம்ல ஸ்டிரைக்கர் விழுந்தா வீட்டுக்கு வீடு ஃபைன் மாறுமே அது மாதிரி. சொல்லாம குருட்டாம்போக்குல விழுந்த பால் செல்லுமா செல்லாதாங்கறதுல தான் சண்டை வரும். பிரேக் பண்றதுக்கு முன்னாடி "இங்க ரூல் என்ன"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க, கேக்குறது கௌரவக் குறைச்சல் இல்ல, கேக்காம வாதாடுறது தான்.

சாப்பாடு? சிப்ஸ் பாக்கெட், இல்லன்னா சின்ன ஓவன்ல சூடு பண்ற ஃப்ரோஸன் பீட்சா. சிகாகோ பார்கள்ல சில ராத்திரி கூலர் பெட்டிய தூக்கிட்டு டமாலே விக்கிறவர் வருவார், சோள மாவுல உள்ள மசாலா வெச்சு சோளத் தோகையில சுத்தி ஆவியில வேக வெச்சது, கிட்டத்தட்ட நம்ம கொழுக்கட்டைக்கு ஒண்ணு விட்ட அண்ணன். சைவக்காரங்க சீஸ் வெச்சது கேட்டு வாங்குங்க, ஆனா மாவு பிசையுறதுல பன்றிக் கொழுப்பு சேக்குறது சகஜம், அதையும் கேட்டுக்கோங்க. புகை பத்தி கவலை வேணாம், இல்லினாய்ல 2008லேர்ந்து பாருக்குள்ள சிகரெட் கிடையாது. மாநில எல்லை தாண்டி இண்டியானா பக்கம் போனா 21 வயசுக்கு மேல உள்ளவங்களை மட்டும் விடுற சில பார்கள்ல இன்னும் பிடிக்கிறாங்க, திரும்பி வந்து ஜாக்கெட்ட பால்கனில தான் தொங்க விடணும்.

குடிக்காத ஃப்ரெண்ட்ட கூட்டிட்டு போலாமான்னா, தாராளமா. கோக் கேட்டா யாரும் மொறைக்க மாட்டாங்க, ஆனா கோக்குக்கும் ஒரு டாலர் டிப்ஸ் வெச்சுடுங்க. ஒண்ணுமே வாங்காம மூணு மணி நேரம் டேபிள பிடிச்சுகிட்டு நிக்கிறது தான் அங்க பிடிக்காது.

இவ்ளோ குறை சொல்லிட்டு ஏன் போறேன்னா, எதிராளி. நான் ஆடினவங்க ஒரு ரிட்டையர்டு பஸ் டிரைவர், ராத்திரி ஷிஃப்ட் முடிச்ச நர்ஸ், பிளம்பர், ஒரு பி.எச்டி மாணவன். அந்த கடைசி ஸ்டூல் பெரியவர் ஒரு நாள் எங்கருந்து வரேன்னு கேட்டார். ஸ்நூக்கர் ஆட்டமே எங்க நாட்டுல பொறந்தது தெரியுமா, 1875ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லேன்னு ஒரு ராணுவ ஆபீசர் ஆரம்பிச்சது, அப்புறம் எங்க மாநிலத்துல ஊட்டி கிளப்ல தான் அதோட விதிய எழுதி மாட்டினாங்கன்னு சொன்னேன். அவர் நம்பல. போன்ல தேடி காட்டினப்புறம் தான் நம்பினார். அன்னைலேர்ந்து அவருக்கு என் பேர் ஊட்டி. அந்த பாருக்குள்ள இன்னைக்கும் எனக்கு வேற பேர் கிடையாது.

## பூல் ஹால்

மில்வாக்கி அவென்யூல கிறிஸ் பில்லியர்ட்ஸ் மாதிரி பழைய ஹாலுங்க இன்னும் இருக்கு, சபர்ப்ஸ்லயும் அங்கங்க இருக்கு. 9 அடி டேபிள், ஆடுற பரப்பு 100க்கு 50 இன்ச். பிரன்ஸ்விக் கம்பெனியோட கோல்டு கிரவுனோ, டைமண்ட் கம்பெனி டேபிளோ போட்டிருப்பாங்க. மணிக்கு இவ்ளோன்னு வாடகை, நான் போற இடங்கள்ல கிழமைய பொறுத்து 12லேர்ந்து 18 டாலர், சில இடத்துல டேபிளுக்கு இல்ல தலைக்கு கணக்கு, நுழையும்போதே கேட்டுடுங்க.

முதல் அளவுகோல்ல ஹால் தான் ஜெயிக்குது. டேபிள் உங்களோடது, யாரும் காச வெச்சுட்டு பின்னாடி நின்னு மூச்சு விட மாட்டாங்க. ஒரே ஷாட்ட முப்பது தடவை வெச்சு அடிக்கலாம். ஊர்ல ஸ்நூக்கர் ஆடினவங்களுக்கு இங்க தான் கை பழகும், ஸ்நூக்கர் பால் 52.5 மில்லிமீட்டர், இது 57 சொச்சம், குச்சி நுனியும் தடிமன் ஜாஸ்தி, பாக்கெட் வாய் அகலம். "பாக்கெட் இவ்ளோ பெருசா இருக்கே"ன்னு முதல் நாள் எல்லாரும் சிரிப்பாங்க. ரெண்டாவது வாரம் வெள்ளை பால நெனச்ச இடத்துல நிறுத்த முடியாம முழிப்பாங்க, ஏன்னா பூல்ல பால போடுறது பாதி வேலை தான், அடுத்த பாலுக்கு தோதா வெள்ளைய நிறுத்துறது தான் மீதி.

மறைமுக செலவு இங்கயும் இருக்கு. கடிகாரம் ஓடிகிட்டே இருக்கும், உங்க ஃப்ரெண்டு வெளிய போய் ஊருக்கு அம்மாகூட அரை மணி நேரம் வீடியோ கால் பேசினாலும் ஓடும். நாலு பேர் ஒரு டேபிள்னா, பதினஞ்சு டாலர நாலா பிரிச்சா மலிவு தான், ஆனா ஆளுக்கு மணிக்கு பதினஞ்சு நிமிஷம் தான் குச்சி. மூணு பேருக்கு மேல போனா ரெண்டு டேபிள் எடுங்க. அப்புறம் இன்னொன்னு, ஹாலுக்கு போக ஆரம்பிச்ச ஆறு மாசத்துல சொந்தமா குச்சி வாங்கணும்னு தோணும், அப்புறம் கேஸ், கிளவ், குச்சி நுனியில தேய்க்கிற நல்ல சாக். எனக்கு அதுல முன்னூறு டாலர் போச்சு, ஆட்டம் முன்னேறுச்சான்னு கேக்காதீங்க.

எதிராளி கிடைக்கிறது தான் ஹால்ல குறை. அவங்கவங்க டேபிள்ல அவங்கவங்க, பக்கத்து டேபிள்காரனோட ஒரு வருஷம் தலையாட்டல் தான் உறவு. இதுக்கு மருந்து லீக். ஏபிஏல எட்டு பால் ஆட்டத்துல (8ம் நம்பர் பால கடைசியா போட்டு ஜெயிக்கிற ஆட்டம்) ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஸ்கில் லெவல் குடுப்பாங்க, 2லேர்ந்து 7 வரைக்கும் இருக்கு, ஒரு ராத்திரி ஆடுற அஞ்சு பேரோட லெவல் கூட்டினா 23ஐ தாண்டக்கூடாது. அதனால எல்லா டீமுக்கும் சுமாரா ஆடுற ஆள் கண்டிப்பா தேவை. அதாவது நாம தேவை. ஆனா வாரா வாரம் ஒரு ராத்திரி போயிடும், வாராந்திர ஃபீஸ் தனி, காலைல ஏழு மணிக்கு இந்தியா டீம் கூட கால் இருக்கிறவங்க யோசிச்சு சேருங்க.

## பளபள ஸ்போர்ட்ஸ் பார், ஆர்கேட் மாதிரி இடங்கள்

இதுக்கு நாலு வரி போதும். டேபிள் துணி ஊதா கலர்ல இருக்கும், அதுல ரெண்டு எடத்துல மார்கரிட்டா கறை. மணிக்கு 20க்கு மேல. பக்கத்துல ஸ்கிரீன்ல மூணு மேட்ச் ஓடும், பின்னாடி ஒரு குழந்தைக்கு பர்த்டே நடக்கும். ஆனா ஆபீஸ் டீம் அவுட்டிங், மச்சினன் குடும்பத்தோட வந்திருக்கார், பசங்களுக்கு கேம் வேணும், சைவம் சாப்பிட ஏதாவது வேணும்னா இது தான் ஒரே இடம், ஏன்னா பல டைவ் பார்ல 21 வயசுக்கு கீழ இருந்தா உள்ளயே விட மாட்டாங்க. பூல் ஆடணும்னு மட்டும் இங்க போகாதீங்க.

## பேஸ்மென்ட்ல சொந்த டேபிள்

வீடு வாங்கின எல்லாருக்கும் வர்ற ஆசை இது. முதல்ல டேப் எடுத்து அளங்க. டேபிள் அளவு மட்டும் பாக்காதீங்க, குச்சி 58 இன்ச், பின்னாடி இழுத்து அடிக்க இடம் வேணும். 8 அடி டேபிளுக்கு தோராயமா 13½ அடிக்கு 17 அடி காலி இடம் வேணும், 7 அடிக்கு 13க்கு 16. இந்த அளவு நம்ம டவுன்ஹவுஸ் பேஸ்மென்ட்ல இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, நடுவுல வீட்ட தாங்குற ஒரு இரும்பு தூண் நிக்கும். அந்த தூண் எப்பவுமே நீங்க எட்டாவது பால அடிக்க குனியிற இடத்துல தான் இருக்கும். அதுக்குன்னு 48 இன்ச் குட்டை குச்சி விக்கிறாங்க, அதுல ஆடுறது ஒரு கால்ல மட்டும் செருப்பு போட்டுகிட்டு நடக்குற மாதிரி.

நல்ல டேபிளோட அடி ஸ்லேட் கல்லு, ஒரு இன்ச் தடிமன், பெரும்பாலும் மூணு துண்டு. மொத்த கனம் 300 கிலோவுக்கு மேல போகும். தெரிஞ்சவர் ஒருத்தர் இலவசமா தர்றாங்கன்னு ஆன்லைன்ல பாத்து ஒரு பழைய டேபிள எடுக்கப் போனார். டேபிள் இலவசம் தான். அத கழட்டி, கொண்டு வந்து, படியில இறக்கி, மட்டம் பாத்து பூட்டி, புது துணி போட்டு தர ஆளுங்க கேட்டது 900 டாலர். இவங்களே நாலு ஃப்ரெண்ட்ஸ வெச்சு தூக்கிடலாம்னு ஒரு யோசனை வேற இருந்தது, கல்லு ஒரு துண்ட மட்டும் தூக்கிப் பாத்துட்டு அந்த யோசனைய கீழ வெச்சுட்டாங்க. கல்லு வேணாம், விலை கம்மியா மரத்தூள் பலகை டேபிள் வாங்கிக்கலாம்னா, சிகாகோ பேஸ்மென்ட் ஈரத்துல ரெண்டு வருஷத்துல அது வளைஞ்சுடும், அப்புறம் எந்த பால் அடிச்சாலும் ஒரே மூலைக்கு தான் ஓடும்.

ஆனா நியாயமா சொல்லணும்னா, வாரத்துல மூணு நாள் நிஜமாவே ஆடுற ஆளுக்கு ரெண்டு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் இது தான் வழி, குழந்தை தூங்கின அப்புறம் ஒரு மணி நேரம் கீழ போய் ஆடிட்டு வரலாம். பிரச்சனை என்னன்னா தனியா ஆடி எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க. மேல சொன்ன அதே நண்பர் வீட்டுல முதல் மூணு மாசம் வாரா வாரம் நாங்க எல்லாம் போனோம், அப்புறம் மாசம் ஒரு தடவை, அப்புறம் டேபிள் மேல துவைச்ச துணி மடிச்சு வெக்க ஆரம்பிச்சாங்க. போன நவராத்திரிக்கு அது மேல பிளைவுட் போட்டு, பட்டுத் துணி விரிச்சு, அஞ்சு படி கொலு வெச்சிருந்தாங்க. சுண்டல் சாப்பிட்டுகிட்டே அவர் என் காதுகிட்ட வந்து "அடியில ஸ்லேட் சார், ஒரு படி கூட ஆடாது"ன்னார்.

## நாலையும் பக்கத்துல வெச்சா

| | டைவ் பார் | பூல் ஹால் | பளபள இடம் | சொந்த டேபிள் |
|---|---|---|---|---|
| டேபிள் | 7 அடி, நம்ப முடியாது | 9 அடி, நல்லா இருக்கும் | சுமார் | கல்லு போட்டா நல்லது |
| ரேட் (நான் கண்டது) | ஆட்டத்துக்கு 1.50 – 2 டாலர் | மணிக்கு 12 – 18 | மணிக்கு 20+ | இலவச டேபிள்னாலும் 900லேர்ந்து |
| காத்திருப்பு | திங்கள் இல்ல, வெள்ளி கொடுமை | கம்மி | வார இறுதில ஜாஸ்தி | இல்ல |
| எதிராளி | ஊரே | கூட வந்தவர், இல்ல லீக் | ஆபீஸ் ஆளுங்க | யாராவது வந்தா உண்டு |
| ஒளிஞ்சிருக்கிற செலவு | பீர், டிப்ஸ், ஏடிஎம், ஊபர் | ஓடுற கடிகாரம், குச்சி ஆசை | சாப்பாட்டு பில் | தூக்குற கூலி, துணி, தூண் |

## வீட்டுக்கு திரும்புறது

இத தனியா எழுதுறதுக்கு காரணம் இருக்கு. இல்லினாய்ல ரத்தத்துல ஆல்கஹால் 0.08ஐ தொட்டா குடிச்சுட்டு ஓட்டின கேஸ். முதல் தடவையே கிளாஸ் ஏ குற்றம், 2,500 டாலர் வரைக்கும் அபராதம், கிட்டத்தட்ட ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் போட சட்டத்துல இடம் இருக்கு, டெஸ்ட்ல மாட்டினா லைசென்ஸ் ஆறு மாசம் சஸ்பெண்டு, டெஸ்ட்டுக்கு மாட்டேன்னா ஒரு வருஷம். இதெல்லாம் எல்லாருக்கும். எச்-1பி, எஃப்-1, எல்-1னு விசால இருக்கிறவங்களுக்கு இதுக்கு மேல ஒண்ணு இருக்கு: 2015லேர்ந்து, கோர்ட்டுல தண்டனை வரணும்னு கூட இல்ல, கைதானாலே வெளியுறவுத் துறை உங்க பாஸ்போர்ட்ல இருக்கிற விசாவ ரத்து பண்ணலாம். நாட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் பொதுவா வேலை ஓடும், ஆனா அக்கா கல்யாணம்னு ஊருக்கு போனீங்கன்னா திரும்பி வர புதுசா விசா எடுக்கணும், அதுக்கு மெடிக்கல் டெஸ்ட் வேற, எத்தனை மாசம் ஆகும்னு சொல்ல முடியாது.

ரெண்டு பீர் தானேங்கற பேச்சே வேணாம். வெள்ளிக்கிழமை டைவ் பார்ல முக்கால் மணி நேரம் காத்திருக்கும்போது கையில பீர் வரும்னு சொன்னேன்ல, அந்த இடத்தோட அமைப்பே உங்களுக்கு இன்னொன்னு ஊத்தி குடுக்குறது தான். அதனால நகரத்துக்குள்ள இருந்தா ப்ளூ லைன், ரெட் லைன் ரயில் ரெண்டும் ராத்திரி பூரா ஓடும், அது பக்கத்துல உள்ள பார தேர்ந்தெடுங்க. சபர்ப்ஸ்ல இருக்கிறவங்க மெட்ரா புறநகர் ரயில்ல கடைசி வண்டி நேரத்த பாத்துட்டு போங்க, பார் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் திறந்திருக்கும், ரயில் அது வரைக்கும் நிக்காது. நேப்பர்வில்லுக்கு நகரத்துலேர்ந்து ஊபர் எடுத்தா அந்த ஒரு ட்ரிப் காசுல ஹால்ல மூணு மணி நேரம் ஆடலாம். அதையும் ஆட்டச் செலவுல தான் எழுதணும்.

## அப்ப அந்த தம்பிக்கு என்ன சொன்னேன்

டேபிள் வாங்காத, இப்போதைக்கு வேணாம், பேஸ்மென்ட் எங்கயும் ஓடிப் போகாது. முதல் ரெண்டு மாசம் வாரம் ஒரு நாள் வீட்டுக்கு பக்கத்துல இருக்கிற ஹாலுக்கு போங்க, மூணு பேரும், வெள்ளைய நிறுத்தப் பழகுங்க. அப்புறம் குடிக்காத ஃப்ரெண்ட் வண்டி ஓட்டட்டும், அவனுக்கு ராத்திரி பூரா கோக்கும் குவார்ட்டரும் மத்த ரெண்டு பேர் செலவு, திங்கக்கிழமையோ லீக் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையோ ஒரு தெருமுனை பாருக்கு போங்க. ஆறு மாசம் கழிச்சும் வாரத்துல மூணு நாள் கை அரிச்சா அப்ப தூண அளக்கலாம்.

அவன் ரெண்டு மாசமெல்லாம் காத்திருக்கல. போன செவ்வாய்க்கிழமையே நேரா பாருக்கு போயிருக்கான். "அங்க ஒரு பெரியவர், எழுபது வயசு இருக்கும் அண்ணே, மூக்குல ஆக்ஸிஜன் டியூப் மாட்டிருந்தார், என்னை நாலு கேம் வரிசையா அடிச்சார், ஒவ்வொன்னுக்கும் நான் தான் காசு போட்டேன், எட்டாவது பாலுக்கு அவர் எழுந்து நிக்கக் கூட இல்ல"ன்னு மறுநாள் காலைல வந்து சொன்னான். சொல்லிட்டு போகல, அங்கயே நின்னான். என்னடான்னு பாத்தா, "அண்ணே, குவார்ட்டர் மொத்தமா எங்க கிடைக்கும்?"

பக்கத்துல உக்காந்திருந்த மதுரைக்காரர் டக்குனு நிமிர்ந்து பாத்தார். பேங்க்ல கேளு, நாப்பது காசு ஒரு ரோல், பத்து டாலர்னு சொன்னேன்.